பத்தாவது

சரக்கில்லாத கப்பல் தள்ளாடாமலிருக்க வயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். அதோடு ஏறும் பொடி உயிர்கள் வேறு கடலில் இறங்கி அட்டகாசம் செய்யும். ஏய்வின்ட் உருவாக்கிய கருவி அந்த நீரில் இரண்டு தகடுகள் வழியாக மின்சாரம் பாய்ச்சும். கடலின் உப்பிலிருந்தே குளோரின் பிறந்து அவற்றைக் கொல்லும். நீரை வெளியே விடுமுன் அந்தக் குளோரின் நஞ்சை முறித்துவிடுவான்.

அது அவன் சொல்வது. உயிரோடு மிஞ்சியவற்றை எண்ணுவது நான். ஃபியோர்டு என்னும் ஒடுங்கிய கடற்கழியின் ஓரத்துச் சோதனை நிலையத்தில் பதினோரு வருடமாக எனக்கு இதே வேலை. ஒரு கன மீட்டர் நீரில் உயிருள்ளவை பத்துக்குக் கீழே இருந்தால் தேர்ச்சி. அப்படித் தொடர்ந்து ஐந்து முறை தேற வேண்டும். நான்கு ஆயிற்று. இந்த ஐந்தாவதில் தவறினால் அவனுடைய மூன்று வருட உழைப்பு மறுபடி ஒன்றிலிருந்து.

நான் கையெழுத்துப் போடும்வரை அவன் அறைக்குள் வரக்கூடாது. வாசலில் நின்று ரொட்டியைத் தின்னாமல் பிய்த்துக்கொண்டிருந்தான்.

"எத்தன, தூருன்?"

"ஒம்போது. வாய மூடு."

"ஒம்போதுன்னா பாஸ்!"

"தட்டுல இன்னும் ஒரு மூல பாக்கி."

நுண்ணோக்கியின் கீழே அந்த மூலையில் ஒன்று அசையாமல் கிடந்தது. அசையாததெல்லாம் பிணமல்ல, ஊசியால் மெல்லத் தொட்டுப் பத்து நொடி பார்க்க வேண்டும். ஊசியை எடுத்தேன்.

"தூங்குறத ஏன் எழுப்புற?" என்றான் சிரித்துக்கொண்டே. குரல் சிரிக்கவில்லை.

எனக்கு அவன்மேல் கோபம், என்மேல் அதைவிட. அது செத்திருக்கட்டும் என்று நானும் ஆசைப்பட்டேனே! தொட்டேன். ஏழு நொடி ஒன்றுமில்லை. எட்டாவதில் காலை உதறியது.

பத்து என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

"உள்ள வா."

தாளைப் பார்த்தான். நுண்ணோக்கியில் குனிந்தான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"மூணு ஜோடிக் காலுதான். இது குஞ்சு!"

"இருந்தா?"

"நஞ்சு இருந்தப்ப முட்டைக்குள்ள இருந்திருக்கு. முறிச்சப்புறம் பொரிஞ்சிருக்கு. என் குளோரின் இத தொடவே இல்ல! அந்த ஓடு எதாலதான் ஆயிருக்கு?"

"பாழாப்போனவனே, நீ தோத்துட்ட."

"தெரியும். கொட்டிடாத. கொஞ்சம் பாத்துக்கிறேன்."

"பேரே வச்சாச்சு," என்று தாளைத் தட்டினேன். "பத்து."

சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. அப்போதும் கண்ணை எடுக்கவில்லை.