தரை இறங்காத வெள்ளைக் கார்

நகரி ரயில்வே கேட்டுக்குப் பக்கத்துத் தெருவில், அப்பாவுவின் வெள்ளைக் கார் ஓர் ஆயுத பூஜை காலையில் தரையை விட்டு ஒரு முழம் மேலே எழும்பி நின்றது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. அன்றைக்குப் பூசணிக்காய் விலை ஏறியிருந்தது, சாமந்திப் பூ கிடைக்கவில்லை, தெருவில் ஆளாளுக்கு வேலை இருந்தது. அதனால் சாயங்காலம் வரை அதைப் பற்றிப் பெரிதாக யாரும் பேசவில்லை.

அப்பாவுவுக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரனை நம்பமாட்டார், தராசை நம்பமாட்டார், கார் ஷெட் வைத்திருப்பவனைக் கண்டாலே ஆகாது. மனைவி வெங்கடம்மாவுக்கு கிட்னி இரண்டும் வேலையை நிறுத்திவிட்டன. வாரம் இரண்டு தடவை திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் பஸ்ஸில் போனார்கள். திரும்பி வரும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவளுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். ஊசி குத்திய கையை மார்போடு அணைத்தபடி முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வருவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் அப்பாவு பழைய கார் ஒன்றை வாங்கினார். வாங்கிய மாதமே எங்கோ ஒரு ஷெட்டில் விட்டு எடுத்ததில், புது பேட்டரி இருந்த இடத்தில் பழையது உட்கார்ந்திருந்தது. அதோடு சரி. இனி என் வண்டியை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சித்தூர் போய்ச் சாமான்களை வாங்கி வந்துவிட்டார்.

வாங்கியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூக்க ஒரு ஜாக்கி. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கிறவன் முட்டாள், அதனால் முட்டுக் கொடுக்க இரும்பு ஸ்டாண்டுகள். சக்கரம் கழற்ற நீளப் பிடி வைத்த ஸ்பேனர், ஏனென்றால் வயசான கைக்குப் பிடி நீளம்தான் பலம். நட்டுக்கு நட்டு மாற்றிப் போட ரிங் ஸ்பேனர் செட், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், ஆயில் வடிக்க வாயகன்ற தட்டு, பேட்டரிக்கு மீட்டர். பெட்ரோல் பங்கில் காட்டுகிற காற்றையும் அவர் நம்பவில்லை, ஆகவே சொந்தமாக ஒரு கேஜ். வருஷக்கணக்கில் ஆயில் மாற்றினார், பிளக் துடைத்தார், பிரேக் பார்த்தார். முதுகு போனது, கண் மங்கியது. கார் ஒருநாளும் அவளை வழியில் நிறுத்தவில்லை.

ஆயுத பூஜைக்கு அந்தத் தெருவில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழையிலையில் அடுக்கினார். வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றிவிட்டால் அன்றைக்கே ஓட்டலாம். கைச்சாமான்களை மட்டும் மறுநாள் காலை வரை தொடக் கூடாது. அந்த வருஷம் மெஷின் முறையும் அதே நாளில் வந்தது. கிளம்பும் நேரத்தில் முன்சக்கரம் காற்றில்லாமல் சப்பையாகக் கிடந்தது. அப்பாவு இலையிலிருந்து ஜாக்கியைத் தூக்கினார்.

"பூஜையில வெச்சத எடுக்காதய்யா. அதுங்க தூங்கினு கீதுங்க" என்றாள் வெங்கடம்மா.

"ஒனக்கு ஒடம்புல தண்ணி ஏறிக்கினு கீது. இரும்புக்குத் தூக்கம் கேக்குதா?"

எதிர் ஷெட் பாபு புது வேட்டியோடு வந்து நின்றான். அவனுடைய சாமான்களும் இலையில்தான் இருந்தன. "நைனா, என் ஆட்டோ சும்மாதான் கீது. அம்மாவ மெதுவா இட்டுனு போறேன்."

"ஒன் ஆட்டோவா? ஏறும்போது எலும்ப எண்ணிக்கினு ஏறணும். எறங்கும்போது ரெண்டு கொறையும்."

"கொறஞ்சா நான்தான் திருடிட்டேன்னு சொல்வீங்க" என்று பாபு சிரித்தான்.

அப்பாவு சக்கரத்தை மாற்றினார், நட்டுகளை முறுக்கினார், ஜாக்கியை இறக்கினார். ஜாக்கி இறங்கியது, கார் இறங்கவில்லை. பின்பக்கமும் மெல்ல எழும்பி, நான்கு சக்கரமும் சமமாகக் காற்றில் நின்றது. தெரு ஆட்கள் பம்பரைப் பிடித்துத் தொங்கினார்கள். பானெட் மேல் உட்கார்ந்தும் பார்த்தார்கள். ஸ்டார்ட் செய்தால் சக்கரம் விர்ரென்று சுற்றியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. வெங்கடம்மா அதற்குள் ஸ்டூல் போட்டு ஏறி, வீங்கிய காலோடு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. நேரம் தப்பினால் மெஷினில் வேறு ஆளைப் படுக்கவைத்துவிடுவார்கள்.

"யோவ், பாத்துக்கினே நிக்கிற. கைய வெச்சுத் தள்ளுய்யா" என்றாள் உள்ளேயிருந்து.

தள்ளினார். ஏரியில் தெப்பம் போவதுபோல் கார் நழுவியது. அவரிடம் இழுவைக் கயிறு ஒன்றும் இருந்தது. கயிற்றின் மறுமுனையில் இன்னொருத்தன் இருக்க வேண்டுமே என்று அதை அவர் பிரித்ததே இல்லை. இப்போது வேறு வழி கிடையாது, மறுமுனை பாபுவின் ஆட்டோவுக்குப் போனது. ஆட்டோ நின்றால் கார் நிற்காமல் வந்து இடிக்கும் என்று பாபு நடுவே ஒரு மூங்கில் கழியையும் வைத்துக் கட்டினான். அப்பாவு அந்த முடிச்சை அவிழ்த்து, தானே மறுபடி கட்டினார்.

"நான் செத்தப்புறம் முடிச்சு நல்லா கீதான்னு பாத்துக்கலாம், கெளம்புய்யா" என்றாள் வெங்கடம்மா.

புத்தூர் தாண்டி டோல்கேட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ரேணிகுண்டாவில் போலீஸ்காரர் ஒருவர் குனிந்து காரின் அடியைப் பார்த்தார், நிமிர்ந்து தெலுங்கில் சீட் பெல்ட் போடச் சொன்னார். மெஷினில் இடம் இருந்தது. திரும்பும்போது வழியெல்லாம் ஆட்டோ குதித்தது, பின்னால் வந்த கார் ஆடவில்லை. வெங்கடம்மாவுக்கு அன்றைக்கு வாந்தி வரவில்லை.

மறுநாள் அப்பாவு ஜாக்கிக்குத் தேங்காய் உடைத்து, வேண்டாவெறுப்பாக ஒரு கும்பிடு போட்டார். கார் மனம் இரங்கவில்லை. சித்தூரிலிருந்து வந்த வண்டி அதிகாரி, சட்டத்தில் சக்கரம் உருள வேண்டும் என்றுதான் இருக்கிறது, தரையைத் தொட வேண்டும் என்று எங்கும் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஒரு மழைக்காலம் போனது, ஒரு கோடை போனது, இன்னும் சில போயின. கார் அடியில் கோழிகள் படுத்தன. அப்பாவு பழக்கம் விடாமல் ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். இப்போது ஜாக்கி தேவைப்படவில்லை, ஆனாலும் ஸ்டாண்ட் கொடுக்காமல் அடியில் படுக்கமாட்டார். வாரம் இரண்டு தடவை பாபு இழுத்துப் போனான். பின்னால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்து, பயன்படாத பிரேக்கில் காலை வைத்து, பாபுவின் பிடரியைவிட்டுக் கண் எடுக்காமல் அப்பாவு உட்கார்ந்திருப்பார்.

ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் டீ குடிக்கும்போது பாபு சொன்னான்: "நாகலாபுரத்துல ஒரு சாமியார் கீறாராம். ஒரு பூஜையிலேர்ந்து அடுத்த பூஜை வரைக்கும் சாமானத் தொடாம வெச்சா, காரு தானா எறங்கிடுமாம். பாக்கலாமா, நைனா?"

"அவன நான் நம்பமாட்டேன்" என்றார் அப்பாவு. டீயை முழுக்கக் குடித்தார். "அப்படியே எறங்கினாலும், பள்ளத்துல உழாம எவன் ஓட்டறது? அவ தூங்கிக்கினு வரா. உடு."

பாபு கழியைக் கட்டினான். முடிச்சைப் பார்க்க அப்பாவு வரவில்லை. வடமாலப்பேட்டை வந்தபோது பாபு கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். முன்சீட்டில், ஸ்டீயரிங்கை விட்டுவிட்டு, வாயைத் திறந்தபடி அப்பாவுவும் தூங்கிக்கொண்டிருந்தார். முன்னால் ஒரு லாரி வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது. பாபு ஹாரன் அடிக்காமல் அதன் பின்னாலேயே மெதுவாக ஓட்டினான்.