ஆல்ரெடி உட்கார்ந்த இடம்

மஞ்சூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துத் தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிகிறது என்று லேபர் ஆபீசருக்கு யாரோ பேர் போடாமல் இங்கிலீஷில் மனு எழுதிவிட்டார்கள். அதன் நகல் மேனேஜர் கீர்த்திவாசனுக்கு வந்தது. மனு வந்த செய்தி எஸ்டேட் முழுக்கப் பரவியது. ஆனால் அவர் அதை யாரிடமும் காட்டாமல் டிராயரில் வைத்துப் பூட்டிக்கொண்டார்.

அதில் ஒரு வரி, ‘வீ ஆல்ரெடி ஹேவ் டோல்டு.’ நாங்கள் முன்பே சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். தமிழில் ‘ஏற்கெனவே’யை எங்கே உட்கார வைத்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள், கண்ணுகளா. இங்கிலீஷில் ‘ஹேவ்’ முன்னால் வரும், ‘ஆல்ரெடி’ அதன் பின்னால் வருவதுதான் வழக்கம். கீர்த்திவாசனின் பென்சில் அங்கே நின்றது. அவர் மேசைக்கு வரும் கடிதங்களில் இப்படி மாற்றி எழுதுகிறவள் ஒருத்திதான். ஆபீஸ் கிளார்க் இந்துமதி.

வேலை போனால் அவளுக்குக் குவார்ட்டர்சும் போகும். உள்ளே நடக்கமாட்டாத அம்மா கிடக்கிறாள்.

சனிக்கிழமை, பெரிய கிளார்க் பரமசிவன் எதையோ தேடுகிறவர்போல அவள் மேசையருகே குனிந்தார்.

“அம்மிணி, உன் பழைய லெட்டரையெல்லாம் துரை வாங்கி வெச்சிருக்காரு. திங்கக்கிழமை உன்னை எழுதச் சொல்லிப் பாப்பாரு. ஹேவ் முன்னால, ஆல்ரெடி பின்னால. மறந்துராத.”

“எதுக்குங்கண்ணா?”

“சொன்னாச் செய்யி.”

ஒன்பது வருஷத்தில் ஒரு நாளும் அவள் இங்கிலீஷைத் திருத்தாத மனிதர். இப்போது என்ன திடீர் அக்கறை? உறுத்தியது. ஆனாலும் ஞாயிறு முழுக்கத் துணி துவைத்துக்கொண்டே சொல்லிப் பழகினாள்.

திங்களன்று கீர்த்திவாசன் கூப்பிட்டார். “‘ஏற்கெனவே லோடு அனுப்பிட்டோம்’னு ஃபேக்டரிக்கு ஒரு வரி எழுதுங்கம்மா.”

‘ஹேவ் ஆல்ரெடி சென்ட்’ என்று எழுதினாள். அவர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார்.

அந்த நேரம் கொழுந்து பறிக்கும் தெய்வம்மா வாசலில் வந்து நின்றாள். லீவ் லெட்டர் எப்போதும் பரமசிவனிடம்தான் போகும். அன்று அவர் ஃபேக்டரிக்குப் போயிருந்தார்.

“துரைங்களே, லீவ் வேணும். மகளுக்கு வளைகாப்பு.”

கீர்த்திவாசன் வாங்கிப் படித்தார். ‘ஐ ஆல்ரெடி ஹேவ் டேக்கன் டூ டேஸ்.’

“இதை யாரு எழுதினது?”

“மருமகதாங்க. லயத்து ஜன்னல்ல லீவ் லெட்டருக்கு ஒரு மாதிரி அட்டை தொங்குதுங்க, அதைப் பாத்துத்தான். இங்கிலீஷ்னா எல்லாரும் அதைத்தான் பாத்து எழுதுறது. பேரையும் தேதியையும் மாத்திக்குவோம். எங்க வீட்டுக்காரரு டிவி தெரியலைன்னு கேபிள்காரனுக்கு எழுதி, காய்ச்சல்னு போட்டுட்டாருங்க.”

கீர்த்திவாசன் சிரிக்கவில்லை. பரமசிவனின் அலமாரியிலிருந்து லீவ் கோப்பை எடுத்துப் புரட்டினார். நாற்பது லெட்டர். நாற்பதிலும் ‘ஆல்ரெடி’ முன்னால் உட்கார்ந்திருந்தது. இதே எஸ்டேட்டில் வளர்ந்த இந்துமதியும் சின்ன வயதில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுதிப் பழகினாள்.

தெய்வம்மா போனதும் அவர் கேட்டார்: “அப்போ மனுவை யாரு வேணும்னாலும் எழுதியிருக்கலாம். சரி. நீங்களும் இத்தனை நாள் இப்படித்தானே எழுதினீங்க? இன்னைக்கு மட்டும் ஏன் மாறுச்சு? யாரு சொல்லிக் கொடுத்தா?”

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மனு டிராயரில் பூட்டிக் கிடக்கிறது. எந்த வார்த்தை தன்னை மாட்டிவிடும் என்பது, அதை எழுதினவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“யாரும் சொல்லலைங்க. உங்க முன்னால எழுதறோமேன்னு கவனமா எழுதினேன்.”

அவர் நம்பவில்லை. ஆனால் நாற்பது லெட்டரை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒருத்தியை மட்டும் எப்படி வேலையை விட்டு அனுப்புவது? “போங்க” என்றார்.

சாயங்காலம் கொழுந்து எடை போடும் கொட்டகையில் பரமசிவனை மறித்தாள்.

“நீங்கதானுங்களே?”

அவர் மறுக்கவில்லை. “எல்லாரு மாதிரியும் எழுதினா யாரும் மாட்டமாட்டாங்கன்னு நெனச்சேன், அம்மிணி.”

“அவங்க லெட்டரெல்லாம் உங்க அலமாரியோட நின்னுருதுங்க. துரை மேசைக்குப் போறது என் எழுத்து மட்டுந்தானே? அது உங்களுக்குத் தெரியாதுங்களா?”

அவர் குடையைக் கைமாற்றிப் பிடித்தார். “தோணலை” என்றார். பிறகு, “நாளைக்கு லேபர் ஆபீசர் வர்றாரு. மனு என்னுதுன்னு நானே சொல்லிடறேன்.”

அதையும் அவள் நம்பவில்லை. மறுநாள் ஜீப் சத்தம் கேட்டதும் எழுந்துபோய் ஜன்னலோரம் நின்றாள். மழைத் தூறலில் ஆபீசருக்குக் குடை பிடித்துக்கொண்டு, பரமசிவன் அவர் கையிலிருந்த மனுவையும் தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டினார், பிறகு தொட்டியின் ஏணியைக் காட்டினார். பின்னால் கீர்த்திவாசன் நனைந்துகொண்டு நின்றார். அவர் பரமசிவனை விட்டு வேறு எங்கும் பார்க்கவில்லை.