காருக்கு மூன்று கை, ரயிலுக்கு ஒன்று

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் நான்கு பேர். ஐரோப்பாவில் ஓட்டக்கூடியவள் நான் ஒருத்திதான்.

என் கணவன் டுவேனுக்குக் காகித ஆலையில் தலையில் அடிபட்டதிலிருந்து வலிப்பு வருகிறது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அவன் தம்பி வெய்ன் குடித்துவிட்டு ஓட்டிப் பறிகொடுத்தவன். மகள் கெல்சிக்குப் பதினேழு வயது. அவளுக்கு எவனும் வாடகைக்குக் கார் தரமாட்டான். நானோ எங்கள் ஊரான தண்டர் பே நகருக்கு வடக்கே காட்டில் மரம் ஏற்றி வரும் லாரி ஓட்டுகிறேன். விடியுமுன் ஏறினால் இருட்டித்தான் இறங்குவேன். வீட்டுக்கு வந்தால் மருத்துவமனைக்கும் கடைக்கும் வெய்ன் மீன்பிடிக்கப் போவதற்கும் கார்ச் சாவி என் கையில்தான்.

இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு ஐரோப்பா போவது என்று முடிவாகிவிட்டது. மியூனிக்கில் இறங்கி, மலை தாண்டி, இத்தாலியில் வெரோனா வரைக்கும். காரா, ரயிலா என்பதுதான் பாக்கி. ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசினோம்.

"காருதாம்மா," என்றாள் கெல்சி, எங்கள் ஊர் இனிப்பான பெர்ஷியன் ரொட்டியின் மேலிருந்த சிவப்புப் பூச்சை விரலால் வழித்துக்கொண்டே. "எங்க வேணும்னாலும் நிறுத்தலாம். போட்டோ எடுக்கலாம்."

"பெட்டியத் தூக்கிட்டுப் படி ஏறி இறங்க என்னால முடியாது சாமி," என்றான் வெய்ன். "காருன்னா டிக்கியில போட்டு மூடினோமா, போனோமான்னு இருக்கும்."

"ஓட்டுறது யாரு?" என்று கேட்டேன்.

மூவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

"என்ன அண்ணி இப்படிக் கேக்குறீங்க? மூஸ் மான் குறுக்க பாயுற ரோட்டுல அவ்வளவு பெரிய லாரி ஓட்டுறீங்க. அந்த ஊரு காரெல்லாம் உங்களுக்குச் செருப்பு மாதிரி. மாட்டினா நடந்துரும்."

"அந்தச் செருப்பத்தான் வருஷம் பூரா மாட்டிக்கிட்டுக் கெடக்கேன். ஒரு தடவையாவது ஜன்னல் பக்கம் உக்காந்து வெளிய பாக்கணும் எனக்கு. நீங்க எல்லாம் மலையப் பாப்பீங்க. நான் முன்னாடி போறவனோட பிரேக் லைட்டப் பாப்பேன்."

"நிறுத்தி நிறுத்திப் பாக்கலாம்மா."

"நிறுத்தினா நீ போட்டோ எடுப்ப. நான் டயரப் பாப்பேன்."

வெய்ன் விடவில்லை. "கை தூக்குங்க, தீந்துரும்," என்றான். அவன் கை எழுந்தது. கெல்சியின் கை எழுந்தது. எனக்குத் துணையாக டுவேன் இருப்பான் என்று நம்பினேன். ரொட்டித் துணுக்குகளை மேசையில் ஒதுக்கிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அவனும் காருக்குக் கையைத் தூக்கினான்.

கோபம் வந்தது. ஆனால் கோபத்தைவிட, இது டுவேனின் வழக்கமில்லையே என்பதுதான் உறுத்தியது. நான் கேட்டதை மறுக்கிற ஆள் இல்லை அவன்.

கொல்லையில் விறகு அடுக்கப் போனான். பின்னாலேயே போய்க் கேட்டேன். "ஏன் டுவேன்?"

"கார் வசதி, லோர்னா."

"பொய் சொல்லாத. உனக்கு அது வராது."

கையிலிருந்த கட்டையைப் போட்டுவிட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்தான். "ரயில்ல நூறு பேர் இருப்பாங்க," என்றான். "வந்துருச்சுன்னா? கோணிக்கிட்டு, எச்சி ஒழுகி, சில சமயம் பேன்ட்டும் நனைஞ்சு... மொழி தெரியாத ஜனங்க சுத்தி நின்னு வேடிக்கை பாப்பாங்க. கெல்சி முன்னாடி. காருன்னா நம்மளோட போயிரும். நீ ஓரமா நிறுத்துவ. யாருக்கும் தெரியாது."

இதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்று பட்டது. அவனிடம் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது.

"எல்லா இடத்துலயும் நிறுத்த முடியாது டுவேன். போன குளிர்காலம் நம்ம பக்கத்து உப்சாலா தாண்டிக் கார்ல வரும்போது உனக்கு வந்துச்சே, ஞாபகம் இருக்கா?"

"எனக்கு எது ஞாபகம் இருந்துருக்கு?"

"பனி கொட்டுது. ஓரம்னு ஒண்ணு கண்ணுக்கே தெரியல. பின்னாடி ஒரு லாரி முட்டுற மாதிரி வருது. நிறுத்தினா மூணு பேரும் செத்தோம். உன் தலை கண்ணாடியில மடேர் மடேர்னு அடிக்குது. ரெண்டு கையும் ஸ்டியரிங்ல. உன்னைப் பிடிக்க எனக்குக் கை இல்ல. பின் சீட்ல இருந்த கெல்சிதான் உன் நெத்தியப் பிடிச்சுக்கிட்டே வந்தா. அவ பாக்காதது ஒண்ணும் பாக்கி இல்ல."

அவன் நெற்றியைத் தடவினான். அன்றைக்கு வீங்கியிருந்த இடம்.

"ஊரு பாக்கட்டும்யா. எவன் பாத்தா என்ன? ரயில்ல என் கை ரெண்டும் சும்மா இருக்கும். உன்னைப் பிடிச்சுப்பேன்."

டுவேன் எழுந்தான். விறகை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனான். நான் வாசலைத் தாண்டுவதற்குள் அவன் குரல் கேட்டது.

"ரயில்லதான் போறோம்."

"என்னடா அண்ணா, கை தூக்கினியே!"

"இறக்கிட்டேன். உனக்குக் காருதான் வேணும்னா போய், நீ தொலைச்ச லைசென்ஸ வாங்கிட்டு வா. நாங்க ரயில்ல வரோம், நீ பின்னாடியே வா."

கெல்சி அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "அப்பாவுக்குப் பக்கத்துல நான்," என்றாள்.

"முடியாது. அது என் இடம்," என்றேன்.

மியூனிக்கில் ரயில் ஏறினோம். ஜன்னல் ஓரம் நான், பக்கத்தில் டுவேன், எதிரே மற்ற இருவர். முதல் ஒரு மணி நேரம் வளைவு வரும்போதெல்லாம் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. கெல்சி பார்த்துவிட்டுச் சிரியோ சிரி என்று சிரித்தாள். எல்லை தாண்டி அடுத்த நாட்டில் இன்ஸ்ப்ரூக் வருவதற்குள் கால் அடங்கிவிட்டது.

அங்கிருந்து ரயில் மலை ஏறத் தொடங்கியதும் டுவேனுக்கு வந்தது. அவன் கண் ஒரு பக்கம் இழுத்தது. இழுத்த மாத்திரத்தில் அவன் தலை என் மார்பில் இருந்தது. ஒருக்களித்துச் சாய்த்துப் பிடித்துக்கொண்டேன், இரண்டு கையாலும். எத்தனை நிமிடம் என்று கெல்சி கடிகாரத்தைப் பார்த்தாள். வெய்ன் எழுந்து நடைபாதையை மறைத்து நின்றான். பக்கத்து வரிசையில் ஒரு தடித்த ஆள் தன் கோட்டைச் சுருட்டி, ஒரு வார்த்தை பேசாமல், டுவேனின் தலைக்குக் கீழே வைத்தார். பிறகு போய், விட்ட இடத்திலிருந்து தன் சாஸேஜைத் தின்றார். யாரும் சுற்றி நிற்கவில்லை. அது அடங்கியது. டுவேன் என் மேலேயே தூங்கிப்போனான். அவன் தலையைத் தாங்கிக்கொண்டு நான் மலையைப் பார்த்தேன். ஒன்று போனால் அடுத்தது வந்தது. கீழே ஓடை கூடவே ஓடி வந்தது. சாலையில் கார்கள் வரிசையாக நின்றன.

அவன் கண் விழித்தான். "வந்துச்சா?"

"வந்துச்சு, போயிருச்சு."

"எல்லாரும் பாத்தாங்களா?"

"ஒருத்தர் கோட்டக் குடுத்தார். மத்தவங்களுக்குச் சோத்துலதான் கண்ணு."

"இப்ப எங்க இருக்கோம்?"

"இத்தாலி. நீ தூங்கின நேரத்துல ஒரு நாட்டையே தாண்டிட்டோம்."

அவன் சிரித்தான். கோணல் வாய் இன்னும் முழுதாக நேராகவில்லை. அப்படியே எழுந்து, கோட்டைத் தட்டி மடித்து, அந்த ஆளிடம் கொடுத்துக் கை குலுக்கினான். அந்த ஆள் பதிலுக்கு ஒரு துண்டு சாஸேஜை நீட்டினார்.

மதியத்துக்கு முன்பே நால்வரும் ரயிலில் சாப்பாடு விற்கும் பெட்டிக்குப் போனோம். டுவேனுக்குத் தேநீர். எனக்குப் பெரிய கிளாஸ் பீர். வெய்ன் என் கிளாஸையே பார்த்தான்.

"அண்ணி, பட்டப்பகல்ல முழு கிளாஸா?"

"வண்டிய நானா ஓட்டுறேன்? இன்னொண்ணு கொண்டு வரச் சொல்லு."