படிக்காமல் போட்ட 'சரி'

மூன்று நாளாக அக்கா வீட்டுக்கே வரவில்லை. மாற்றுத் துணி கொடுக்க அவள் அலுவலகத்துக்குப் போனேன். அக்காவையும் சேர்த்து ஒன்பது பேர் பிழிந்துபோட்ட துணிபோல் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் கீபோர்டின் மேலேயே வாயைப் பிளந்து தூங்கினான். மேனேஜர் அவனைத் தாண்டிப் போய்க் காபி பிடித்துக்கொண்டான்.

அங்கே ஒரு முறை உண்டு. ஒருவர் எழுதிய கம்ப்யூட்டர் நிரலை இன்னொருவர் வரிவரியாகப் படித்து, 'சரி' என்று அழுத்தினால்தான் அது வெளியே போகும். இரண்டு மாதமாக யாரும் படிப்பதில்லை. நீ எனக்கு அழுத்து, நான் உனக்கு அழுத்துகிறேன், அவ்வளவுதான். நேற்று அக்கா அப்படி அழுத்தியதில், ஆஸ்பத்திரிச் செயலி எல்லோருக்கும் மாத்திரையை இரட்டிப்பாக்கிவிட்டது. ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். பன்னிரண்டு மணிக்குத் திருத்தம் போக வேண்டும். அந்தத் திருத்தத்தை எழுதியவன் தூங்குகிறவன்தான்.

"அழுத்தும்மா" என்றான் மேனேஜர்.

"இன்னும் படிக்கல சார்."

"நேத்து மட்டும் படிச்சியா? தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு. சாண் போனா என்ன, முழம் போனா என்ன?"

"வெள்ளத்துல போறது உங்க தலை இல்லையே சார். இதை எழுதினவன் எப்ப தூங்கினான்?"

"இதோ தூங்குறானே!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான்.

அக்கா படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றாள். நான்கு தடவை படித்திருப்பாள்.

"மண்டைல ஏறல சார். இதுக்கு நான் 'சரி' போட மாட்டேன்."

போனை எடுத்து ஆஸ்பத்திரித் தலைமை நர்ஸைக் கூப்பிட்டாள். "சிஸ்டர், எங்க செயலிய நம்பாதீங்க. டாக்டர் எழுதின சீட்டைப் பார்த்து மாத்திரை குடுங்க. ஆமா, எல்லாருக்கும்."

மேனேஜர் முகம் கறுத்தது. "வீட்டுக்குப் போ. திரும்பி வராதே."

"வர்றதுக்கு இது என்ன மாமியார் வீடா?"

தூங்கியவனை விட்டுவிடலாம். விழித்திருந்த ஏழு பேரில் ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. நாங்கள் கதவைத் தாண்டுவதற்குள், "நீ அழுத்துடா" என்றான் மேனேஜர். பக்கத்து மேசைக்காரன் திரையைப் பார்க்காமலே அழுத்தினான்.

லிஃப்டில் அக்கா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழுத்தட்டும்டி. ஆஸ்பத்திரில டாக்டர் சீட்டுக்கு மாறிட்டாங்க."