ஓர் எழுத்தும் மாறாது

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன கிளமென்ட், பிளொக்செயின் என்ற கணினிப் பதிவேட்டுப் பயிற்சியை முடித்தான். சான்றிதழும் பிளொக்செயினிலேயே பதிவாகி வந்தது. ஆங்கிலத்தில் ஓர் 'எல்' விடுபட்டு, பெயர் 'சிமென்ட்' என்றிருந்தது. பிளொக்குக்குப் பொருத்தமான பெயர்தான், ஆனால் அவனுடையதல்ல.

உடனே வீட்டிலிருந்தே விரிவுரையாளருக்குப் போன் போட்டான்.

"பதிஞ்சா ஓர் எழுத்தக்கூட யாராலயும் மாத்த ஏலாது. அதுதானே இதோட பெருமை! ஆறு மாசமா என்னத்தப் படிச்சீங்க?" என்றார் அவர்.

கொழுந்துப் பையை இறக்கி வைத்த அம்மா சிசிலி கேட்டாள்: "என்னடா சொல்றாரு?"

"பேர மாத்த முடியாதாம்மா."

"ஒன் பொறப்புச் சர்டிபிகேட்டுல பேரப் பிழையா எழுதிட்டு, ரெஜிஸ்டார் மாத்தயாவும் அன்னைக்கே இதத்தான் சொன்னாரு. அவரு எந்தக் கெம்பஸ்ல படிச்சாரோ!"