மஞ்சக்குழி வாசலில் இரண்டாவது நெருப்பு

ஆறுச்சாமி குதிரையில் மலையேறி வந்தபோது, வண்டன்மேட்டுக்கு மேலே ஜீப்புகளெல்லாம் எஞ்சினை அணைத்துவிட்டுச் சாலையோரம் நின்றிருந்தன. குளிரன் இறங்கும் மாதங்களில் அப்படித்தான். குளிரனுக்குக் கண் கிடையாது. மூடுபனிக்குள் மிதந்து வந்து, சூடு எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சேரும். அது தொட்ட உடம்பில் துளிச் சூடும் மிஞ்சாது. குதிரை உடம்பிலும் சூடு உண்டுதான். ஆனால் நனைத்த சணல் சாக்கை இரண்டு மடிப்பாகப் போர்த்தினால் மறைத்துவிடலாம். எஞ்சினுக்கு அந்த வித்தை பலிக்காது. கையில் செல்போன் வைத்திருக்கிற இந்தக் காலத்திலும் ஈட்டி பிடித்த குதிரைவீரர்களுக்கு மலையில் வேலை இருந்ததற்கு இதுவே காரணம்.

ஆறுச்சாமிக்குச் சொந்த ஊர் கொல்லங்கோடு. ஊர் ஊராகப் போய்க் காவல் நிற்பான். ஒரு பருவம் காந்தலூர் பூண்டுக் காட்டில், அடுத்த பருவம் வேறெங்காவது. எங்கேயும் நிலைத்ததில்லை. குளிரனை நேரில் எதிர்கொண்டதுமில்லை. இந்தமுறை மஞ்சக்குழி வாசல்காரர் சுவக்கீன் துணைக்கு ஆள் கேட்டிருந்தார். அவருக்கு மூட்டுவலி.

மஞ்சக்குழியில் வாசல்காரர்தான் தலைவர். கணவாயில் பனி நுழைந்ததும் அவர் கைப்பிடியை மாட்டிச் சைரனைச் சுழற்றுவார். ஊரார் எல்லா அடுப்பிலும் தண்ணீர் ஊற்றிவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு ஏலக்காய் ஸ்டோருக்குள் போய் அடைவார்கள். தகரக் கூரை வீடுகளில் சந்து பொந்து அதிகம், ஸ்டோருக்குத்தான் கல்சுவர். ஆனால் ஏலக்காய் உலர்த்தும் உலை அங்கேதான் இருக்கிறது. நெருப்பை அணைத்தாலும் உலையின் இரும்புக் குழாய்கள் லேசில் ஆறுவதில்லை. குளிரன் அந்தச் சூட்டை மோப்பம் பிடித்து வராமலிருக்க, அதைவிடப் பெரிய நெருப்பு ஒன்று கணவாய் வாசலில் எரிய வேண்டும். அந்த நெருப்பின் பக்கத்தில் நிற்பதுதான் தலைவர் வேலை.

"பதவின்னு நெனைக்காத வே," என்றார் சுவக்கீன். "தூண்டில்ல மாட்டுற புழு இருக்குல்லா, அதான் நான்."

ஈட்டியைக் காட்டினார். முனை உள்ளே குடைந்திருந்தது. அதில் தண்ணீர் படாத சுட்ட சுண்ணாம்பு. மேலே மெழுகு மூடி. குத்தும்போது மெழுகு உடையும். குளிரனின் உடம்பு முழுக்க நீர். சுண்ணாம்பில் நீர் பட்டதும் உள்ளே கொதிக்கும். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துப் பழகிய ஜந்து, ஒரேயடியாக வந்த சூட்டைத் தாங்காமல் வெடித்துப்போகும்.

"ஆனா பொறுக்கணும். வெறும் பனியில குத்துனா ஈட்டி காத்துல போன மாதிரி போயிரும். நெருப்பச் சுத்தி வந்து கன்னுக்குட்டி கணக்கா கெட்டியாகும் பாரு, அப்பந்தான் குத்தணும். அதுவரைக்கும் அது உன் மூஞ்சிய நக்கிக்கிட்டே நிக்கும்."

"அதுக்குள்ள நம்மள முடிச்சுப் போடாதுங்களாண்ணா?"

"முடிச்சிருந்தா ஒங்கிட்ட யாரு பேசுதா?" சுவக்கீன் சிரித்தார். ஸ்டோர் வாசலில் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அவர் மனைவி ரஜீனா சிரிக்கவில்லை.

மறுநாள் மதியச் சோறு இறங்கும் முன்னே பனி வந்துவிட்டது. சைரன் கத்தியது. ஆறுச்சாமியிடமும் ஒரு சுண்ணாம்பு ஈட்டியைக் கொடுத்து ஸ்டோர் பக்கமுள்ள வளைவில் நிறுத்திவிட்டு, நனைந்த சாக்கைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு சுவக்கீன் நொண்டி நொண்டி வாசலுக்குப் போய் நெருப்பு மூட்டினார்.

வளைவிலிருந்து பார்க்க, கிழவரைச் சுற்றிப் பனி திரண்டு வருவது தெரிந்தது. அவர் ஈட்டியை ஓங்கவேயில்லை. கால் மரத்துப் போயிற்றோ என்று ஆறுச்சாமிக்குத் தோன்றியது. கொல்லங்கோட்டு வயல்களில் பன்றி இறங்கினால் ஒரு பக்கம் மட்டும் நெருப்பு வைப்பதில்லை. இரண்டு பக்கமும் வைத்தால்தான் மிருகம் மிரண்டு வந்த வழியே ஓடும். சிறுவயதிலிருந்து அவன் கை பழகியது அதற்குத்தான். யோசிக்காமல், காய்ந்த ஏலத்தட்டைக் குவித்துத் தீ வைத்தான்.

"யாருவே அது?" சுவக்கீனின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது. "அணை! அணைச்சுத் தொலை!"

குளிரன் ஓடவில்லை. இரண்டாகப் பிரிந்தது. பாதி அவனை நோக்கி நகர்ந்தது. மீதிப் பாதி சுவக்கீனின் மேல் படிந்தது. இப்போது அது குத்துவதற்குப் போதிய கெட்டி இல்லை. அவர் குத்தினார். ஈட்டி அந்தப் பக்கமாக வெளியே போனது. மறுபடி குரல் வரவில்லை.

அவனுக்குப் பின்னால் ஸ்டோர். உள்ளே ஒரு குழந்தை அழுதது; யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள். இரண்டு பாதியும் சேர்ந்து கெட்டியாகாமல் அதைக் கொல்ல முடியாது. சேர வேண்டுமென்றால் நெருப்பு ஒன்றுதான் இருக்க வேண்டும். ஆறுச்சாமி தன் நனைந்த சாக்கை உருவித் தீயின் மேல் போட்டு மிதித்தான். மறைப்பில்லாத உடம்போடு வாசலை நோக்கி ஓடினான். அவன் சூட்டைப் பிடித்துக்கொண்டு அந்தப் பாதியும் பின்னாலேயே வந்தது.

சுவக்கீன் நெருப்பருகே உட்கார்ந்த வாக்கில் இருந்தார். இமைமுடியெல்லாம் வெள்ளை. ஆறுச்சாமி அவருக்குப் பக்கத்தில் நின்றான். இரண்டு பாதியும் அவன் தலைக்கு மேல் ஒன்றாயின. காது மரத்தது. இடக்கை விரல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பொறுத்தான். பனி தோல்போல இறுகி, கன்னத்தில் அதன் எடை விழுந்த பிறகுதான் குத்தினான். உள்ளே சுண்ணாம்பு சீறியது. கொதிநீர் அவன் மேலெல்லாம் கொட்டியது.

வாசல்காரர் செத்தால், அந்தக் குளிரனைக் குத்தி உடைத்தவனுக்கே வாசல் பொறுப்பு என்பது மஞ்சக்குழி வழக்கம். அன்று மாலை ஸ்டோர் முற்றத்தில் ஊர் கூடியது.

"அண்ணாச்சியக் கொன்னவனுக்கா வாசலு?" உலைக்கு விறகு போடும் சின்னையன்தான் கத்தினான். "கொல்லங்கோட்டுப் பன்னிக்காரப் பயலுக்கா?"

"நானே போயிர்றனுங்க," என்றான் ஆறுச்சாமி. கொப்புளம் கண்ட முகத்தை நிமிர்த்தாமல் குதிரையின் வாரை இறுக்கப் பார்த்தான். மரத்த விரல்கள் மடங்கவில்லை.

ரஜீனா எழுந்து வந்து வாரைப் பிடுங்கினாள்.

"போயிருவீரு. கீழ போனா ஒமக்கு இது டீக்கடையில சொல்ல ஒரு கதை. இங்க நின்னா, பனி எறங்குறப்பல்லாம் அவரு செத்த எடத்துலயே நிக்கணும். நில்லும். அவரு செத்த மாதிரியே நீரும் ஒருநாள் சாவீரு. அதுவரைக்கும் இந்தப் பிள்ளைக உசுரோட கிடக்கும்."

யாரும் மறுக்கவில்லை. ஆறுச்சாமியை யாரும் வாழ்த்தவுமில்லை. சைரனின் கைப்பிடியை அவன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த பனி, சுவக்கீனைப் புதைத்த மண் காய்வதற்குள் வந்தது. ஆறுச்சாமி வலக்கையால் சைரனைச் சுழற்றினான். அடுப்புகள் ஒவ்வொன்றாகப் புகை அடங்கின. ஒரு வீட்டில் மட்டும் அடங்கவில்லை. போய்ப் பார்த்தான். ரஜீனா சோற்றுக்கு உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, தண்ணி ஊத்துங்க."

"அரிசி இப்பத்தான் போட்டேன். சாயங்காலம் அவருக்குச் செபம். வர்றவங்களுக்குச் சோறு வேண்டாமா?"

அவன் நகரவில்லை. பனி வேலியைத் தாண்டிவிட்டிருந்தது. ரஜீனா அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குடத்தைச் சாய்த்து அடுப்பை அணைத்தாள். சாம்பல் தண்ணீர் இருவர் காலடியிலும் ஓடியது.

"ஸ்டோருக்குள்ள போங்க," என்றான். அவள் போனாள்.

அவன் சாக்கை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு ஏறினான். அங்கே நெருப்பு வைத்தான், ஒரே ஒரு நெருப்பு.