பாட்டுப் பாடும் ரயில் உபயம்

மகிழினிக்கு நாலரை வயது. இன்னும் பேச்சு வரவில்லை. வீட்டில் மிக்சி ஓடினால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும் பிள்ளை. திருவாரூரில் டாக்டர் ராகவேந்திராவின் கிளினிக்கில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் ஷைலஜா, இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே சத்தம் போடாத சாமான்களாகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்திருந்தாள். துணிப் பொம்மைகள், அடியில் கம்பளி ஒட்டிய மரக்கட்டைகள், ஒரு பேசின் நிறைய நெல். அந்த நெல்லுக்குள் கையை விட்டுத் துழாவும்போதுதான் மகிழினி முதன்முறையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். போன வாரம் உதட்டைக் குவித்து 'ம்ம்' என்றாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் வாய் திறந்துவிடுவாள் என்று ஷைலஜா நம்பினாள்.

அதில் மண்ணள்ளிப் போட வந்தார் சிங்காரவேலு. சிங்கப்பூரில் சம்பாதித்தவர். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்த கையோடு கிளினிக்குக்குப் பொம்மைகள் கொண்டுவந்துவிட்டார். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சத்தை மறைத்துப் பேர் எழுதுகிற ஊர். பொம்மை மட்டும் தப்புமா? குரைக்கிற நாய், சைரன் போடும் கார், பாட்டுப் பாடும் ரயில் எல்லாவற்றின் நெற்றியிலும் 'உபயம்: சிங்காரவேலு - மங்களாம்பிகை'.

"ஷைலஜா, அந்த நெல்லு பேசினை உள்ள வச்சிடுங்க. பொம்மை கொடுக்கிற போட்டோல அசிங்கமா விழும்" என்றார் டாக்டர்.

"சார், இங்க வர்ற பிள்ளைங்களுக்கு சத்தம் ஆகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"ஒரு போட்டோதானேம்மா. பெரியவர் மனசு நோகக் கூடாது."

பிள்ளை மனசு நொந்தால் பரவாயில்லையாம். ஷைலஜாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட்டோவுக்கு டாக்டர் கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்று மகிழினியின் அம்மா மேகலாவும் மகளைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சிங்காரவேலு ஸ்விட்சைத் தட்டினார். ரயில் அலறியது.

மகிழினி காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் விழுந்தாள். "வேணாம்! வேணாம்!"

அறை முழுக்கக் கைதட்டல். "பாத்தீங்களா டாக்டர்? நம்ம ரயிலு பேச வச்சிடுச்சு!" சிங்காரவேலுவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

ஷைலஜா பாய்ந்து ரயிலை நிறுத்தினாள்.

"ஏம்மா நிறுத்துற? இன்னொரு தடவை போடு. வீடியோ எடுக்கல" என்றார் சிங்காரவேலு.

"பேசிடுச்சுன்னு கைதட்டுறீங்களே, அது என்ன சொல்லுச்சுன்னு காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள் ஷைலஜா.

மேகலா மேசைக்கு அடியில் குனிந்து மகளை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள். "அடுத்த வாரம் வருவீங்கல்ல?" என்று ஷைலஜா பின்னாலேயே ஓடினாள். மேகலா திரும்பிக்கூடப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டாள்.